கரீபியன் தீவில் நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரம்! குவாதலூப்பில் ஒரு நாள்

வணக்கம் நண்பர்களே! இந்தியாவிலிருந்து பார்த்தால் உலகத்தின் மறுபக்கம். சுற்றிலும் கடல், நடுவில் புகை விடும் எரிமலை, பேசுவது பிரெஞ்சும் கிரியோலும், கடையில் நீட்டுவது யூரோ. அந்த ஊரில் ஒரு பூசாரி அரிவாளின் கூர்முனை மேல் ஏறி நின்று மாரியம்மனைத் தமிழில் அழைக்கிறார். அதே பூசையில் நாகூர் ஆண்டவருக்கும் ஒரு கம்பம் நட்டுக் கொடி ஏற்றுகிறார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு மாலையில் வெள்ளை மணல் கடற்கரையில் இறங்கிக் குளிக்கலாம். குவாதலூப் தீவில் இப்படி ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: வரைபடம்]

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் பட்டாம்பூச்சி வடிவத்தில் இரண்டு நிலப்பரப்புகள் தெரிகிறதா? மேற்கே இருப்பது மலையும் காடுமான பாஸ்-தேர், கிழக்கே இருப்பது கரும்பு விளையும் சமவெளியான கிராந்த்-தேர், நடுவில் ரிவியேர் சாலே என்ற குறுகிய உப்புநீர்க் கால்வாய். 1493-இல் கொலம்பஸ் வந்தார், 1635-இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்துவந்து அடிமைகளாக வைத்துக் கரும்பு விளைவித்தார்கள். 1946 முதல் இது பிரான்சின் ஒரு மாவட்டம். அவ்வளவுதான், கிளம்பலாம்.

காலையில் முதல் இடம் புவாந்த்-ஆ-பித்ர் நகரத்தின் மசாலாச் சந்தை. ஜாதிக்காய், பட்டை, வனிலா, மஞ்சள், சிறு பைகளில் கட்டிய மசாலாப் பொடிகள் எல்லாம் இருக்கும், ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது விற்கிற அம்மாக்களின் தலையில் கட்டியிருக்கும் கட்டம் போட்ட துணியை. அதன் பெயரே மெட்ராஸ். பதினெட்டாம் நூற்றாண்டில் நம் சென்னைப் பக்கத்துத் தறிகளிலிருந்து கப்பலேறிப் போன பருத்தித் துணி, இன்றைக்கு அந்தத் தீவின் பாரம்பரிய உடையே அதுதான். அந்தத் தலைக்கட்டில் எத்தனை முனைகள் நிமிர்ந்து நிற்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு சொல்வார்கள். ஒரு முனை என்றால் மனசு காலி, இரண்டு என்றால் ஆள் இருக்கிறது, மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது. நான்கு என்றால்? கல்யாணம் ஆனாலும் இன்னும் இடம் இருக்கிறதாம்! இந்தச் சந்தையில் அரை மணி நேரம் போதும், கூட்டம் சேர்வதற்குள் கிளம்பிவிடுங்கள்.

அடுத்து மெமோரியல் ஆக்ட். 2015 மே 10 அன்று திறந்த அருங்காட்சியகம், அடிமை முறையின் வரலாறு முழுவதும் இங்கே இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிக் கருநிறத்தில் ஒரு நீளமான கட்டடம், அதன் மேல் வெள்ளி நிற வேர்கள் பின்னிப் படர்ந்த மாதிரி ஒரு உலோகக் கூரை. கட்டியிருக்கும் இடம்தான் முக்கியம், தார்பூசியே என்ற பெரிய சர்க்கரை ஆலை இருந்த அதே நிலம். பல சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறார்கள், கேட்டால் விடுமுறைக்கு வந்தவர்களுக்குச் சோகம் எதற்கு என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது. எட்டே வருடத்தில் நெப்போலியன் படையை அனுப்பி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒருமுறை விடுதலை பெற்ற மனிதர்களை மறுபடியும் அடிமையாக்கினார்கள், யோசித்துப் பாருங்கள். லூயி தெல்க்ரேஸ் என்ற அதிகாரி அதை எதிர்த்துச் சண்டை போட்டு, தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும், 1802 மே 28 அன்று மத்தூபா மலையில் தன்னுடன் இருந்த சுமார் 300 பேரோடு வெடிமருந்தைக் கொளுத்தி உயிரை விட்டார். பிடிபட்டு மறுபடி அடிமையாக வாழ அவர்கள் சம்மதிக்கவில்லை. உண்மையான விடுதலை வர 1848 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இது தெரியாமல் அந்தத் தீவில் ஒரு கரும்புத் தோட்டத்தைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சரி, 1848-இல் விடுதலை வந்தது, தோட்டத்தில் வேலை செய்ய ஆள் வேண்டுமே? இங்கேதான் நம் கதை ஆரம்பிக்கிறது.

[திரையில்: வண்டி பாலம் கடந்து பாஸ்-தேர் பக்கம் போகிறது]

1854 டிசம்பர் கடைசியில் ஒரேலி என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களோடு இந்தத் தீவில் கரை தொட்டது. அதிலிருந்து 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் வந்தார்கள். பின்னால் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின என்றாலும், புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்ற வாக்குறுதி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதக் கடல் பயணம். ஆயிரக்கணக்கானோர் அந்த மண்ணிலேயே மாண்டு போனார்கள். ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இப்போது நாம் போகிற காபெஸ்தேர் ஊரில் அவர்களின் வழிவந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வழியெல்லாம் இருபுறமும் வாழைத் தோட்டம். ஜன்னல் வழியாகப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வழிகாட்டி ஒருவேளை சொல்லாத ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். இந்த வாழைகளுக்கு 1972 முதல் 1993 வரை குளோர்தெகோன் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தார்கள். பிரான்சில் 1990-இலேயே தடை செய்த பிறகும் இங்கே மட்டும் அனுமதி நீண்டது. அந்த விஷம் இன்னும் மண்ணில், ஆற்றில், மீனில் இருக்கிறது. தீவின் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இரத்தத்தில் இருக்கிறது. இது பெரிய அநியாயம், இதற்கே தனி வீடியோ போட வேண்டும், போடுவேன்.

காபெஸ்தேரில் வானளாவ வளர்ந்த ராஜபனைகள் இரு வரிசையாக நிற்கும் துமனுவார் சாலையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், நெடுஞ்சாலை ஓரத்திலேயே, ஷான்ஜி கோயில் தெரியும். மாரியம்மன் கோயில். அவர்கள் வாயில் மாலியேமின். கோபுரத்தில் வண்ண வண்ணச் சிலைகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள், இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கோயிலைப் பற்றிப் பேசினால் எனக்கு நிறுத்த மனசு வராது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் பள்ளிகளும் பாதிரிமார்களும் சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறைக்குள் பேச்சுத் தமிழை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், பிரெஞ்சு முன்பெயர், பின்னால் மட்டும் ராமசாமி, முத்துசாமி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற அதே குடும்பம் மாரியம்மனுக்கும் நேர்ந்துகொள்ளும். பிள்ளைக்கு உடம்பு சரியானால், பரீட்சையில் தேறினால், பூசை போடுவார்கள். அந்தப் பூசையில் தப்பு என்ற பறை உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் ஓலையைக் கொளுத்தி, தோலைத் தீயில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டி, ஓசை இறுகும் வரை விடமாட்டார்கள். நம் ஊரில் பறை காய்ச்சுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கை அசைவு அப்படியே தெரியும். பூசாரி பாடுகிற பாட்டு தமிழ். பாடுகிறவர்களில் பலருக்கு ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. அப்பாவிடம் கேட்டு மனப்பாடம் செய்தது, அவர் அவருடைய அப்பாவிடம் கேட்டது. அரிவாளை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, பூசாரி அதன் கூர்மையான பக்கத்தில் வெறுங்காலோடு ஏறி நின்று அருள் வாக்கு சொல்வார். மாரியம்மனுக்குப் பக்கத்திலேயே மதுரை வீரனும் உண்டு, கிடா வெட்டு அவருக்கு.

அப்புறம் அந்தக் கம்பம். தலைப்பில் சொன்னேனே, நாகூர் ஆண்டவர். அவர்கள் நாகூர் மீரா என்கிறார்கள். காரைக்காலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தர்கா, கடலில் போகிறவர்களைக் காப்பாற்றுகிற மகான் என்று இந்து, முஸ்லிம், மீனவர், வணிகர் எல்லோரும் நம்பிய ஷாகுல் ஹமீது அவர்கள். கறுப்புத் தண்ணீரைத் தாண்டப் போகிறோம் என்று கப்பலேறியவர்கள் யாரை நினைத்திருப்பார்கள்? உயிரோடு கரை இறங்கியவர்கள் அந்த நன்றியை மறக்கவில்லை. இன்றைக்கும் மாரியம்மன் பூசையோடு சேர்த்து அவருக்குக் கொடிக்கம்பம் நிறுத்துகிறார்கள், நிறுத்துகிறவர்கள் இந்துக்கள். அம்மனுக்கும் ஆண்டவருக்கும் ஒரே வீட்டில் ஒரே நாளில் மரியாதை. நாகையிலும் காரைக்காலிலும் நூற்றாண்டுகளாக மக்கள் எப்படி வாழ்ந்தார்களோ அதைத்தான் கப்பலில் கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் இந்தத் தீவில் வேறு எதுவும் இல்லை. காரைக்கால், நாகை, புதுச்சேரிப் பக்கம் இருந்து இதைப் பார்க்கிறவர்கள், உங்கள் குடும்பத்தில் யாராவது அப்படிக் கப்பலேறிப் போனதாகப் பேச்சு உண்டா? கட்டாயம் கமென்டில் எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.

ஆன்ரி சிதம்பரம் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1863-இல் இதே காபெஸ்தேரில் பிறந்தவர். இங்கேயே பிறந்த இந்தியர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை என்றார்கள். 1904-இல் வழக்கை ஆரம்பித்தவர் 1923-இல்தான் வென்றார், இடையில் பத்தொன்பது வருடம்! ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது, வழிகாட்டியிடம் கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

மதியச் சாப்பாடு கொலம்போ. மஞ்சள், மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு அரைத்த பொடியில் வெந்த ஆட்டுக்கறியும் சோறும். காரத்துக்கு முழு மிளகாயை உடைக்காமல் குழம்பில் மிதக்க விடுவார்கள், தயவுசெய்து அதைக் கடிக்காதீர்கள்.

நேரம் இருந்தால் கார்பே அருவி, 110 மீட்டர் உயரத்தில் விழும் இரண்டாவது அருவிக்கு நல்ல நடைபாதை உண்டு. மழை பெய்திருந்தால் விட்டுவிடுங்கள்.

[திரையில்: கடற்கரை]

இப்போது கடல்! தீவின் தெற்கே எரிமலை தந்த கறுப்பு மணல், வடமேற்கே தேஹே ஊரின் கிராந்த் ஆன்ஸ் கடற்கரையில் பொன்னிற மணல், கிராந்த்-தேர் பக்கம் பவளப் பாறை அரைந்து வந்த வெள்ளை மணல். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் தேர்வு சேந்த்-ஆன். பவளத் திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் இடுப்பளவில் அமைதியாக இருக்கும். சில மாதங்களில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கரை ஒதுங்கி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், 2011 முதல் இந்தத் தொல்லை. அப்படி இருந்தால் தேஹே பக்கம் போய்விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறக்காதீர்கள். கடற்கரையில் நிழல் தரும் மரத்தின் அடியில் உட்காரும் முன் அடிமரத்தைப் பாருங்கள். சிவப்பு வண்ணம் பூசியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அது மான்செனியே, உலகத்தின் மிக ஆபத்தான மரம் என்று கின்னஸ் பதிவே இருக்கிறது. சின்ன பச்சை ஆப்பிள் மாதிரி காய் கீழே கிடக்கும். கடித்தால் முதலில் இனிக்கும், பிறகு தொண்டை வெந்துபோகும். பால் தோலில் பட்டால் கொப்புளம். மழை பெய்யும்போது அடியில் நின்றால் இலையில் வழிந்து வரும் தண்ணீரே சுடும், விறகாக எரித்தால் புகை கண்ணைக் கெடுக்கும். அந்தக் காலத்துக் கரிப் பழங்குடிகள் அம்பு முனையில் இதன் பாலைத் தடவினார்கள். பிறகு ஏன் வெட்டவில்லை? அதன் வேர்தான் கடல் அரிப்பிலிருந்து மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. குழந்தைகள் இருந்தால் முதலில் அந்தக் காயைக் காட்டிச் சொல்லிவிட்டு அப்புறம் விளையாட விடுங்கள்.

குளித்து முடித்ததும் தேங்காய் சர்பத் விற்கிற அம்மா எங்கே என்று தேடுங்கள். ஒரு மரத் தொட்டி, நடுவில் உலோகக் குவளை, சுற்றிலும் உடைத்த ஐஸும் கல்லுப்பும். குவளைக்குள் தேங்காய்ப்பால், டப்பாப் பால், பட்டை, ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல் துருவல். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பார், உப்புப் பட்ட ஐஸ் சாதாரண ஐஸைவிடக் குளிர்ந்துபோவதால் உள்ளே பால் மெல்ல மெல்ல உறையும். கடையில் வாங்கும் எந்த ஐஸ்கிரீமும் இதற்கு ஈடாகாது, அடித்துச் சொல்கிறேன்.

கடைசியாகச் சில விவரங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பாரிசிலிருந்து விமானத்தில் எட்டு ஒன்பது மணி நேரம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, குவாதலூப் பிரான்ஸ்தான் ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. பாரிஸ் போக வாங்கிய ஷெங்கன் சுற்றுலா விசா இங்கே தானாகச் செல்லாது, கடல்கடந்த மாவட்டங்களுக்குச் செல்லும் என்று விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். பேருந்துகளை நம்பினால் ஒரே நாளில் இத்தனையும் முடியாது, வாடகைக் கார் அல்லது உள்ளூர் வழிகாட்டியோடு வண்டி. வழிகாட்டியைப் பேசும்போதே மெமோரியல் ஆக்டும் காபெஸ்தேர் கோயிலும் பட்டியலில் உண்டா என்று கேளுங்கள், இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். விசா விண்ணப்பம் பற்றிச் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், சப்ஸ்கிரைப் செய்துகொள்ளுங்கள், அடுத்தது அந்தப் பூச்சிக்கொல்லி வீடியோ.