சொந்த மெட்டு வாசிக்கும் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே மெட்டமைக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச ஆசை.

நம் பக்கத்தில் வயலின் பாடத்துக்கு ஒரு முறை உண்டு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், அப்புறம் வர்ணம். குரு வாசிப்பார், பிள்ளை திருப்பி வாசிக்கும். வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு வீட்டில் நானும் அப்படித்தான் கற்றேன். விரல் சுத்தமும் வில்லின் நிதானமும் அந்த வழியில்தான் வரும். அதை நான் விடவில்லை. ஆனால் நாலைந்து வருஷம் கற்ற பிள்ளையிடம், "நீயாக ரெண்டு வரி வாசி பார்ப்போம்" என்றால் திகைத்து நிற்கிறது. அந்தந்த நேரத்தில் தோன்றும் ஸ்வரங்களைத் தானாகக் கோத்து வாசிக்கும் கல்பனை ஸ்வரம் வரும்வரை சொந்தக் கற்பனைக்கு இடமே கிடையாது. படம் வரையப் போகும் குழந்தை முதல் நாளே தன் இஷ்டத்துக்கு ஒரு சூரியனையும் மலையையும் போடுகிறதே, வயலின் பிடித்த குழந்தைக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை இல்லை? இந்தக் கேள்விதான் என்னை இந்த வேலைக்குள் இழுத்தது.

இன்னொன்றும் உண்டு. கல்லூரி நாட்களில் ஒரு தோழி தன் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனாள். பாடகர் குழு நாலு குரலில் பாடியது. ஒரு குரல் மெட்டைக் கொண்டுபோக, மற்றவை வேறு வேறு ஸ்வரங்களில் நின்றன. ஆனாலும் எல்லாம் ஒரே பாட்டாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஐந்து கோட்டு மேல்நாட்டுக் குறிமுறையைப் படிக்க உட்கார்ந்தேன்.

"இதெல்லாம் நம்ம சங்கீதத்தைக் கெடுத்துவிடாதா டீச்சர்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நான் எட்டயபுரத்தைத்தான் பதிலாகச் சொல்வேன். வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பாலுசுவாமி தீட்சிதர். சென்னைப் பக்கம் மணலியில் குடும்பம் இருந்தபோது ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயர் பேண்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். 1835இல் அவர் காலமானதும் எட்டயபுரத்தில்தான். சரி, நம்ம ஊருக்கே வருவோம். பாடகர் மதுரை மணி ஐயர் கச்சேரியில், மேல்நாட்டு மெட்டுப் போக்கில் அமைந்த இங்கிலீஷ் நோட்டு எப்போது வரும் என்று கூட்டம் காத்திருக்குமாம். இவர்கள் யாரும் இசையைக் கெடுத்தவர்கள் இல்லையே!

சில வருஷம் ஒரு பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்தேன். பரீட்சை நெருங்கினால் என் வகுப்பு நேரம் கணக்குக்குப் போய்விடும். அப்புறம் வேலையை விட்டுவிட்டு, செல்லூரில் ஒரு சிறிய கூடத்தில் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தேன். கட்டணம் கிடையாது. மதுரையில் எத்தனையோ வீட்டுப் பரணில் தாத்தா வாசித்த வயலின் தூங்குகிறது. கேட்டபோது மனதாரக் கொடுத்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அரை அளவு, முக்கால் அளவு வயலின்தான் கைக்கு அடங்கும். அவற்றை மட்டும் வாங்கினேன்.

மெட்டமைக்க முதலில் கொடுப்பது மோகன ராகம். ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம். அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு நடுவே அரை ஸ்வர இடைவெளி எங்குமே இல்லை. அதனால் ஒரு பிள்ளை காந்தாரம் என்ற 'க'விலும் இன்னொன்று பஞ்சமம் என்ற 'ப'விலும் நின்றாலும், எந்த இரண்டு ஸ்வரம் சேர்ந்தாலும், காதைக் குத்தாது. பயமில்லாமல் தேடலாம். தோடி ராகத்தை இப்படிக் கொடுக்க மாட்டேன். தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருப்பது. அதன் கீழே இன்னொருவர் ஒரு ஸ்வரத்தை அசையாமல் பிடித்தால் இரண்டும் உரசும், ராகத்தின் அழகும் போய்விடும். தோடி தனியாகவே வாழட்டும். எந்த ராகம் மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் துணைக் குரலை ஏற்கும், எது ஏற்காது என்று பிள்ளைகள் காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும். நான் முந்திக்கொண்டு சொல்வதில்லை.

எழுதுவது நம் ஸ்வர எழுத்தில்தான். ஒரு வரியில் மெட்டு, அதற்கு நேர் கீழே தாள எண்ணிக்கையான அட்சரம் பிசகாமல் துணைக் குரல். கட்டம் போட்ட கணக்கு நோட்டு இதற்கு ரொம்ப வசதி.

தறி ஓடும் வீட்டுப் பையன் ஒருவன் வந்தான். வில்லைக் கீழே வைத்துவிட்டு, தந்தியை விரலால் சுண்டி ஒரு நடை வாசித்தான். மூன்று, மூன்று, இரண்டு என்று விழுந்தது. எங்கே பிடித்தாய் என்றேன். "எங்க வீட்டுத் தறி, டீச்சர்" என்றான். எட்டு அட்சரம், ஆதி தாளத்துக்குள் அப்படியே உட்கார்ந்தது. அந்தச் சுண்டலை அடியில் ஓடவிட்டு, மேலே நாலு பேர் வில்லால் நீண்ட ஸ்வரங்கள் இழுத்தார்கள். அதன்பின் அவன் சரளி வரிசைக்குச் சோம்பியதே இல்லை. தன் மெட்டை வாசிக்க விரல் சுத்தம் வேண்டும் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பாட்டி பாடும் தாலாட்டின் ஒரே ஒரு இழுப்பை எடுத்துக்கொண்டு மூன்று வயலினுக்கு எழுதினாள். ஒருவர் இழுப்பை முடிக்கும் முன்பே அடுத்தவர் தொடங்குவார். இந்த யோசனையை நான் கொடுக்கவில்லை.

இப்போது எங்களுக்குக் குறையாக இருப்பது கீழ்க் குரல். வயலின் மட்டுமே சேர்ந்தால் எல்லாம் மேலேயே மிதக்கும். வயலினை விடக் கொஞ்சம் பெரியது வயோலா. செல்லோ அதைவிடப் பெரியது, நாற்காலியில் உட்கார்ந்து கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பது. அதன் தடித்த தந்தியில் ஷட்ஜம் என்ற 'ச'வை நீட்டி இழுத்தால், மேலே வாசிக்கும் பிள்ளைகளுக்குத் தைரியம் வருகிறது. ஒரு செல்லோ கிடைத்துவிட்டது, வாசிக்க இன்னும் கைகள் வேண்டும். வயது பார்ப்பதில்லை, வேலைக்குப் போகிறவர்களும் வரலாம், சங்கீதம் தெரிந்திருக்க வேண்டாம்.

பரணில் வயலின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரை வெயிலில் மரம் காய்ந்து, தந்தியை முறுக்கும் பிரடை நழுவும். அதற்காகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிரடையைக் கழற்றிக் கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவி, அழுத்தித் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். கீறல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள், ஒட்டிக்கொள்ளலாம். வணக்கம்.