கப்பல் தளத்து ஜெட்டும் நம் ஊர்க் குப்பையும்

(அரக்கோணத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, நகர்மன்ற உறுப்பினர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பள்ளித் தாளாளர் அம்மா அவர்களே, முன்னாள் படைவீரர்களே, திருத்தணியிலிருந்தும் சோளிங்கரிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே, எல்லை தாண்டி நகரி, புத்தூரிலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சால்வை போர்த்திய தலைமையாசிரியர் ஐயாவுக்குத் தனி நன்றி.

விமானந்தாங்கிக் கப்பலில் ஜெட் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது, உப்புக்காற்றில் அதை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே பழமொழிதான் பொருந்தும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

நம் பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1961 மார்ச் 4-ஆம் தேதி பெல்ஃபாஸ்ட் நகரில் கடற்படையில் சேர்ந்தது. அதில் சீ ஹாக் ஜெட்டுகளை நீராவிக் கவண், அதாவது நீராவி விசையால் விமானத்தை முன்னால் இழுத்து எறியும் பொறி, கொண்டு எறிவார்கள். விமானத்தை முன்னால் கவணோடு பிணைப்பார்கள், பின்னால் ஒரு பிடிப்புக் கம்பி இழுத்து நிறுத்தும். அந்தப் பிடிப்பில் சின்னதாக ஓர் உலோகத் துண்டு உண்டு. இன்ன அளவு இழுவைக்குத்தான் அறுபட வேண்டும் என்று கணக்குப் பண்ணிச் செய்தது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடினாலும் அது அறாது. கவணின் இழுப்பும் சேர்ந்தால்தான் அறும். முன்கூட்டியே அறுந்தால், போதிய வேகம் இல்லாமல் விமானம் கடலில் விழும். நீராவி அழுத்தத்தையும் ஒவ்வொரு முறையும் விமானத்தின் எடைக்கும் எதிர்க்காற்றுக்கும் ஏற்பத் திருத்த வேண்டும். குறைந்தால் கடல்; கூடினால் விமானத்தின் உடல் தாங்காது.

2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கொச்சியில் சேர்ந்த புதிய விக்ராந்தில் கவண் கிடையாது. தளத்தின் முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். சக்கரத்துக்கு முன்னால் தளத்திலிருந்து தடைக்கட்டைகள் எழும்பி நிற்கும். எஞ்சின் முழு விசைக்கு வந்ததும் கட்டை கீழே இறங்கும், விமானம் பாயும். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாதா?

இறங்கும்போது வால்பக்கக் கொக்கி தளத்தில் குறுக்கே கட்டிய வடத்தைப் பிடிக்க வேண்டும். புதிய விக்ராந்தில் மூன்று வடங்கள். சக்கரம் தளத்தைத் தொட்ட கணமே விமானி எஞ்சினைக் குறைக்க மாட்டார், முழு விசைக்குத் தள்ளுவார். கொக்கி தவறினால் மறுபடி எழும்ப வேகம் வேண்டுமே, அதற்காக. வடத்தின் இழுவையையும் விமானத்தின் எடைக்கேற்ப மாற்றி வைக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 1967 ஜூலை 29. வியட்நாம் கடலில் அமெரிக்காவின் ஃபாரஸ்டல் கப்பல். காலை பதினொரு மணி நெருங்குகிறது. தளம் முழுக்க விமானங்கள், வயிறு நிறைய எரிபொருள், இறக்கையடியில் குண்டுகள். அங்கே ராக்கெட்டுக்கு இரண்டு காப்பு உண்டு. ஒன்று, செருகி வைக்கும் பாதுகாப்பு ஊசி. இன்னொன்று, மின்னிணைப்பை விமானம் கவணுக்கு வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்ற விதி. நேரம் மிச்சமாகட்டும் என்று விமானம் நிறுத்தியிருக்கும்போதே இணைப்பைக் கொடுத்துவிட்டார்கள். ஊசியும் இடத்தில் இல்லை. ராக்கெட் சுமந்து நின்ற ஃபாண்டம் என்ற போர்விமானத்தின் விமானி வெளி மின்சாரத்திலிருந்து சொந்த மின்சாரத்துக்கு மாறினார். அந்த நொடியில் மின்னோட்டம் ஒரு துள்ளு துள்ளியது. ராக்கெட் சீறியது. எதிர்வரிசையில் நின்ற ஸ்கைஹாக் விமானத்தின் எரிபொருள் தொட்டியைக் கிழித்தது. தளத்தில் தீ ஆறாக ஓடியது. ஜெரால்டு ஃபாரியர் என்ற தீயணைப்புத் தலைவர் கையில் ஒரே ஒரு தீயணைப்பானோடு, தீயில் காயும் குண்டை நோக்கி ஓடினார். ஒன்றரை நிமிடத்தில் குண்டு வெடித்தது. அவரும் போனார், பயிற்சி பெற்ற தீயணைப்பாளர்களில் பெரும்பாலோரும் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் நல்ல மனத்தோடுதான் ஓடி வந்தார்கள். ஆனால் ஒரு குழு நுரை போட, இன்னொரு குழு தண்ணீர் அடித்து அதே நுரையைக் கழுவிவிட்டது. 134 பேர் மாண்டார்கள். விரல் நீளத்து ஊசி, ஐயா! அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

ஆகவேதான் தளத்தில் பணியாளர்கள் ஒரே வரிசையாகத் தோளோடு தோள் நின்று, தலை குனிந்து, முனைக்கு முனை நடந்து திருகாணி, கம்பித் துண்டு, கந்தல் எல்லாம் பொறுக்குகிறார்கள். ஜெட்டின் வாய் எதையும் உறிஞ்சும். உள்ளே சுழலும் தகடு ஒன்றில் சிறு பிளவு விழுந்தாலும் அது உடைந்து, அடுத்த தகட்டையும் உடைக்கும். தறியில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காவிட்டால் துணி என்னவாகும் என்று நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடலில் அவர்கள் பொறுக்குகிறார்கள். கரையில் நாம் கொட்டுகிறோம். 1992-இல் தொடங்கிய ராஜாளி என்ற கடற்படை விமானதளம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. அங்கிருந்து பறக்கும் பி-8ஐ என்ற கடல் கண்காணிப்பு விமானத்துக்கு இரண்டே எஞ்சின். 2009 ஜனவரி 15-இல் நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சினும் ஓய்ந்து ஆற்றில் இறங்கிய விமானத்தில் இருந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அதில் 155 பேரும் பிழைத்தது விமானியின் திறமை. எல்லா நாளும் ஆறு பக்கத்தில் இருக்காது.

கோழிக்கடைக் குடலையும் மீன் செதிலையும் ஏரிக்கரையில் கொட்டினால் பருந்து வட்டமிடும். பருந்து ஒரு கிலோகூடத் தேறாது. ஆனால் மோதும் வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்கு. விமானதளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இப்படிக் கொட்டக் கூடாது என்று 1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகளிலேயே, 91-ஆவது விதியாக, இருக்கிறது.

கடைக்காரர்கள் மேல் பழி போட்டுவிட்டுப் போக நான் வரவில்லை. கொட்ட இடம் இல்லாமல் அவர்கள் என்ன செய்வார்கள்? இறைச்சிக் கழிவுக்கு மூடியுள்ள தனித்தொட்டி வேண்டும். கடை சாத்திய அன்றிரவே வண்டி வந்து அள்ள வேண்டும், விடியவிட்டால் பருந்து முந்திக்கொள்ளும். ஏரிக்கரையில் இன்று கிடப்பதை மண் போட்டு மூட வேண்டும். பராமரிப்பைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை, தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். இந்த மூன்று கோரிக்கையும் எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டு, உங்கள் தெருவில் கழிவு கொட்டும் இடத்தையும் பக்கத்திலேயே எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.