ஒரே கேள்வி, 45 நிமிஷம்: கோடிங் இன்டர்வியூல எங்கே சறுக்குது?

[திரை: வெள்ளைப் பலகை. 5 கட்டங்கள். உள்ளே 1, 4, −2, 2, 3. கீழே: கே = 5]

ஒரு அரே, அதாவது வரிசையா அடுக்கின எண்கள், கொடுக்கிறாங்க. கூடவே கே-ன்னு ஒரு எண். அரேல அடுத்தடுத்து இருக்கிற எண்களைக் கூட்டினா சரியா கே வரணும். அப்படிப்பட்ட துண்டு எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லணும். கோடிங் கேள்விகளைப் போட்டுப் பழகுற லீட்கோடு வெப்சைட்டுல இது 560ஆம் நம்பர் கேள்வி.

திரையில இருக்கிற அரேல கையாலயே எண்ணிப் பாருங்க. முதல் ரெண்டு, 1-ம் 4-ம் சேர்ந்தா 5. முதல் நாலையும் சேர்த்தாலும் 5, ஏன்னா நடுவுல இருக்கிற −2-ம் 2-ம் அடிபட்டுப் போயிடுது. கடைசி ரெண்டு, 2-ம் 3-ம், அதுவும் 5. ஆக, விடை 3.

கோடு எழுதினா 10 வரிக்குள்ள முடிஞ்சிடும். ஆனா தப்பு பண்ண ஏழெட்டு இடம் இருக்கு. அதுல பெரிய தப்பு ரெண்டும் கீபோர்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடும். அதனாலதான் இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கிட்டு முழு இன்டர்வியூவையும் நடத்திப் பார்க்கப் போறோம்.

[திரை: கடிகாரம். 45 நிமிஷத்துல 5-ம் 5-ம் வெட்டி எடுக்கப்படுகிறது]

45 நிமிஷ ரவுண்டுன்னா, முதல் 5 நிமிஷம் அறிமுகத்துல போயிடும். கடைசி 5 நிமிஷம் நீங்க கேட்கிற கேள்விக்கு. கையில மிஞ்சுறது 35. இதுல கேள்வியைப் புரிஞ்சுக்க 5, வழி கண்டுபிடிச்சுப் பேச 10, எழுத 12, கையால ஓட்டிப் பார்க்க 5. மீதி 3 நிமிஷம், எங்கயாவது மாட்டிக்கிட்டா செலவு பண்ண. 12 நிமிஷத்துல எழுத முடியுமான்னு பயப்படாதீங்க. வழி தெளிவா இருந்தா 10 வரி எழுத 6 நிமிஷம் போதும். தெளிவு இல்லாம ஆரம்பிச்சா 30 நிமிஷமும் பத்தாது.

முதல் 5 நிமிஷத்துல என்ன கேட்கணும்? இந்தக் கேள்விக்கு மூணே மூணு விஷயம். ஒண்ணு, அரேல மைனஸ் எண் வருமா? ரெண்டு, அரே எவ்வளவு நீளம் வரைக்கும் போகும்? மூணு, ஒரே எண்கள் வேற இடத்துல மறுபடி வந்தா அதைத் தனித் துண்டா எண்ணணுமா? "அரே காலியா இருக்குமா?"ன்னு மட்டும் கேட்டுட்டு நிறுத்திக்கிறவங்க நிறைய பேர். கேட்கலாம், தப்பில்ல. ஆனா விடையோட வழியை மாத்தாத கேள்வி அது. மைனஸ் வருமாங்கிற கேள்வி வழியையே மாத்திடும். எப்படின்னு கொஞ்ச நேரத்துல தெரியும்.

நமக்குக் கிடைச்ச பதில்: நீளம் அதிகபட்சம் 20,000. ஒவ்வொரு எண்ணும் −1000-லிருந்து 1000 வரைக்கும். மைனஸ் உண்டு.

[திரை: 20,000 × 20,000 ÷ 2 = 20 கோடி]

இந்த 20,000-ஐ அப்படியே கடந்து போயிடாதீங்க. எல்லாத் துண்டையும் ஒண்ணொண்ணா எடுத்துக் கூட்டிப் பார்க்கிறதுதான் ப்ரூட் ஃபோர்ஸ். தொடக்கம் ஒரு லூப், முடிவு ஒரு லூப். மொத்தம் 20 கோடி துண்டு. சி ப்ளஸ் ப்ளஸ்ல ஒரு செகண்டுக்குப் பத்துக் கோடி எளிய வேலைகள்னு தோராயமா வச்சுக்கலாம். பைத்தான்ல ஒரு கோடி. அப்போ பைத்தான்ல இது 20 செகண்டு ஓடும். ஆன்லைன் டெஸ்ட்னா டைம் லிமிட் தாண்டிடும்.

இந்தக் கணக்கைக் கோடியிலும் லட்சத்திலும் போட்டுப் பழகுங்க, சட்டுன்னு வரும். நீளம் 20 வரைக்கும்தான்னா, எல்லா உட்கணத்தையும் முயற்சி பண்ணலாம். 2-ஐ 20 தடவை பெருக்கினா பத்து லட்சத்துச் சொச்சம். 500-ன்னா மூணு லூப் கூடத் தாங்கும், பன்னிரண்டரைக் கோடி. பைத்தான்ல மட்டும் யோசிக்கணும். 5,000-ன்னா ரெண்டு லூப். லட்சம்னு கொடுத்துட்டா ரெண்டு லூப் செத்துப்போச்சு: லட்சத்தை லட்சத்தால பெருக்கினா ஆயிரம் கோடி. அங்கே சார்ட், ஹீப், பைனரி சர்ச், ஹேஷ் மேப், இதுல ஏதோ ஒண்ணைத்தான் எதிர்பார்க்கிறாங்க. கேள்வியில கொடுத்த எண்ணே பாதிக் குறிப்பு.

ப்ரூட் ஃபோர்ஸை வாய்விட்டுச் சொல்லுங்க, அதோட டைம் காம்ப்ளெக்ஸிட்டியையும், அதாவது அரே நீளமாக நீளமாக வேலை எப்படி ஏறும்ங்கிறதையும், சொல்லுங்க. எழுதத் தேவையில்ல. ரெண்டு வாக்கியம், 30 செகண்டு. வேற எதுவுமே தோணலைன்னா இதையாவது எழுதலாம்னு கையில ஒரு விடை இருக்கும்.

[திரை: அரே மேல் ஒரு சட்டம் நகர்கிறது]

அடுத்தது பெரும்பாலானவங்க விழுற குழி. "அடுத்தடுத்து இருக்கிற எண்கள்"னு காதுல விழுந்ததும் கை தானா ஸ்லைடிங் விண்டோவுக்குப் போகும். வலது பக்கம் நீட்டு, கூட்டல் கே-யைத் தாண்டினா இடது பக்கம் சுருக்கு. நம்ம அரேல ஓட்டுவோம். 1. அப்புறம் 1, 4: கூட்டல் 5, ஒண்ணு கிடைச்சது. −2 சேர்ந்ததும் 3. 2 சேர்ந்ததும் 5, ரெண்டாவது கிடைச்சது. 3 சேர்ந்ததும் 8, தாண்டிடுச்சு, சுருக்கு. 1-ஐ எடுத்தா 7. 4-ஐ எடுத்தா 3. நிறுத்து, இப்போ தாண்டல. அரேயும் முடிஞ்சிடுச்சு. விடை 2-ன்னு வருது.

கடைசி 2, 3 எங்கே போச்சு? அதைப் பிடிக்கணும்னா −2-ஐயும் வெளியே தள்ளியிருக்கணும். ஆனா மைனஸ் எண்ணைத் தள்ளினா கூட்டல் குறையாது, ஏறும். "நீட்டினா ஏறும், சுருக்கினா குறையும்"ங்கிற நம்பிக்கையிலதான் ஸ்லைடிங் விண்டோவே நிக்குது. மைனஸ் வந்ததும் அந்தத் தரை இல்லை. "மைனஸ் வருமா"ன்னு முதல்ல கேட்டது இதுக்குத்தான்.

[திரை: பேங்க் பாஸ்புக். கடைசிப் பத்தி: 0, 1, 5, 3, 5, 8]

சரியான வழிக்குப் பாஸ்புக்கைத் திறங்க. ஒவ்வொரு வரியிலும் வரவோ செலவோ இருக்கும், ஓரத்துல பேலன்ஸ் இருக்கும். நடுவுல ரெண்டு தேதிக்குள்ள நிகரமா எவ்வளவு வந்ததுன்னு தெரியணும்னா ஒவ்வொரு வரியையும் கூட்டுவோமா? பிந்தின பேலன்ஸ்லிருந்து முந்தின பேலன்ஸைக் கழிச்சா முடிஞ்சது. இதுக்குப் பேருதான் ப்ரிஃபிக்ஸ் சம். செலவு, அதாவது மைனஸ், எத்தனை இருந்தாலும் கணக்கு தப்பாது.

இப்போ கேள்வி இப்படி மாறுது: இன்னைக்குப் பேலன்ஸ் 8. அதுலிருந்து கே, அதாவது 5-ஐக் கழிச்சா 3. இதுக்கு முன்னாடி எத்தனை தடவை பேலன்ஸ் சரியா 3-ஆ இருந்தது? அத்தனை துண்டு இந்த இடத்துல முடியுது. ஒவ்வொரு பேலன்ஸும் எத்தனை தடவை வந்ததுன்னு ஒரு ஹேஷ் மேப்ல, அதாவது கீ-யைக் கொடுத்தா அதோட மதிப்பைச் சட்டுன்னு எடுத்துத் தர்ற அட்டவணையில, வச்சுக்கிட்டா, ஒரே நடையில வேலை முடிஞ்சிடும். 20 கோடி, 20,000 ஆயிடுச்சு. விலையா, மேப்புக்கான மெமரியைக் கொடுக்கிறோம்; அதையும் வாயைத் திறந்து சொல்லிடுங்க.

[திரை: நான்கு வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன]

லூப்புக்குள்ள வரிசை இதுதான். எண்ணைப் பேலன்ஸோட கூட்டு. பேலன்ஸ் கழித்தல் கே, மேப்ல எத்தனை தடவை இருக்குன்னு பார். அதை விடையோட சேர். அதுக்கப்புறம்தான் இன்னைக்குப் பேலன்ஸை மேப்ல ஒண்ணு கூட்டி எழுது.

லூப்புக்கு முன்னாடி ஒரு வரி இருக்கு. மேப்ல 0-க்கு 1-ன்னு போட்டுடணும். கணக்கு தொடங்கினப்போ பேலன்ஸ் 0, அந்த வரி இல்லாத பாஸ்புக் கிடையாது. இதை மறந்தா, அரேயோட தொடக்கத்துலயே ஆரம்பிக்கிற துண்டு ஒண்ணுகூட எண்ணிக்கையில வராது. நம்ம அரேல விடை 3-க்குப் பதில் 1-ன்னு வரும்.

இப்போ டிரை ரன், அதாவது கோடைக் கையாலயே ஓட்டிப் பார்க்கிறது. "எல்லாம் சரியா இருக்கு"ன்னு கோடை மேலோட்டமா ஒரு பார்வை பார்க்கிறதுக்குப் பேரு டிரை ரன் இல்ல. அட்டவணை போட்டு எண்ணோட எழுதணும். பேலன்ஸ் 1, தேவை −4, இல்ல. பேலன்ஸ் 5, தேவை 0, ஒண்ணு இருக்கு, விடை 1. பேலன்ஸ் 3, தேவை −2, இல்ல. பேலன்ஸ் மறுபடி 5, தேவை 0, விடை 2. பேலன்ஸ் 8, தேவை 3, இருக்கு, விடை 3.

அதோட நிறுத்தாதீங்க. ரெண்டு குட்டி டெஸ்ட் வச்சுக்கோங்க. அரேல 1 மட்டும், கே 0. விடை 0 வரணும். மேப்ல எழுதிட்டு அப்புறம் தேடினா, தன்னையே கண்டுபிடிச்சு 1-ன்னு சொல்லும். வரிசை தப்பினது அங்கே பிடிபடும். இன்னொண்ணு, அரேல மூணு 0, கே 0. விடை 6. எத்தனை தடவைங்கிறதை விட்டுட்டு, வெறும் செட்ல "இருக்கா, இல்லையா"ன்னு மட்டும் பார்த்தா 3-தான் வரும்.

[திரை: மூன்று மொழிகளின் பெயர்கள்]

மொழிக்கு மொழி ஒரு முள் இருக்கு. சி ப்ளஸ் ப்ளஸ்ல மேப்பைச் சதுர அடைப்புக்குறி போட்டுப் படிச்சா, இல்லாத கீ-யை 0 மதிப்போட உள்ளே சேர்த்துடும். விடை தப்பாகாது, மேப் மட்டும் வீணா வீங்கும். வெக்டர் காலியா இருக்கும்போது அதோட சைஸ்லிருந்து 1 கழிச்சா −1 வராது, ராட்சச எண் ஒண்ணு வரும், ஏன்னா சைஸுக்கு மைனஸே கிடையாது.

ஜாவால, மேப்லிருந்து எடுத்த ரெண்டு இன்டீஜரை ரெட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடாதீங்க. −128-லிருந்து 127 வரைக்கும் ஒரே ஆப்ஜெக்ட்டைத் திருப்பிக் கொடுக்கிறதால சரியா வேலை செய்யும். 128-லிருந்து பொய் சொல்ல ஆரம்பிக்கும். சாம்பிள் டெஸ்ட் எல்லாம் சின்ன எண், அதனால பாஸ் ஆகும். மறைச்சு வச்சிருக்கிற டெஸ்ட்ல கவிழும். ஈக்வல்ஸ் போட்டுடுங்க.

பைத்தான்ல லிஸ்ட்டோட முதல் உறுப்பை பாப் பண்ணா மீதி எல்லாமே ஒரு இடம் நகரும். க்யூ வேணும்னா, ரெண்டு முனையிலயும் சேர்க்கவும் எடுக்கவும் முடியுற டெக் எடுங்க. ரிகர்ஷன், அதாவது ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுறது, அதோட ஆழம் வழக்கமா 1000-ல நின்னுடும். நீளமான லிங்க்டு லிஸ்ட்ல ரிகர்ஷன் போட்டா அங்கேதான் விழும்.

இன்ட் ஓவர்ஃப்ளோவைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம கேள்வியில அதிகபட்சக் கூட்டல் 20,000 பெருக்கல் 1000, ரெண்டு கோடி. 32 பிட் இன்ட் 214 கோடி வரைக்கும் தாங்கும், பிரச்சினை இல்ல. எண்கள் 100 கோடி வரைக்கும் போகும்னு சொன்னா மூணு உறுப்புலயே உடைஞ்சிடும், லாங் வேணும். சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. பைனரி சர்ச்ல நடுவைக் கண்டுபிடிக்க ரெண்டு முனையையும் கூட்டி 2-ஆல வகுக்கிற அந்த ஒரு வரி, ஜாவாவோட சொந்த லைப்ரரியிலயே ஓவர்ஃப்ளோ ஆகிற மாதிரி ஒன்பது வருஷம்போல இருந்தது. அதை எழுதின ஜோஷுவா பிளாக்கே 2006-ல அதை வெளியில எழுதினார். கீழ் முனையோட, வித்தியாசத்துல பாதியைக் கூட்டுங்க, தீர்ந்தது.

[திரை: மூன்று துணைக் கேள்விகள்]

விடை சரியா வந்ததும் துணைக் கேள்வி வரும். "எல்லாமே ப்ளஸ் எண்தான்னா?" அப்போ ஸ்லைடிங் விண்டோ போதும், மேப்பே வேண்டாம். ஒதுக்கி வச்சது இங்கே திரும்பி வருது. "எண்ணிக்கை வேண்டாம், மிக நீளமான துண்டு எவ்வளவு?" மேப்ல எண்ணிக்கைக்குப் பதிலா அந்தப் பேலன்ஸ் முதல்முறை வந்த இடத்தை வைங்க, தொடக்க 0-க்கு இடம் −1. மறுபடி வந்தா மாத்தி எழுதாதீங்க. "கூட்டல் கே-யால வகுபடணும்னா?" பேலன்ஸுக்குப் பதிலா மீதியை வைங்க. இங்கே ஒரு வம்பு: −3-ஐ 5-ஆல வகுத்தா பைத்தான் மீதி 2-ன்னு சொல்லும், ஜாவாவும் சி ப்ளஸ் ப்ளஸும் −3-ன்னு சொல்லும். அந்த ரெண்டுலயும் 5-ஐக் கூட்டி மறுபடி மீதி எடுக்கணும்.

வீட்டுல எப்படிப் பழகுறது? 500 கேள்வி கணக்கு வேண்டாம். ஒரு கேள்விக்கு 30 நிமிஷம். வரலைன்னா விடையைப் பாருங்க, மூடுங்க, வெறும் டெக்ஸ்ட் எடிட்டர்ல முதல்லிருந்து எழுதுங்க. ஆட்டோ கம்ப்ளீட் இல்லாம எழுதிப் பழகணும், ஏன்னா பல இன்டர்வியூல கோடை ஓட்டவே விடமாட்டாங்க. மூணு நாள் கழிச்சு ஒரு தடவை, பத்து நாள் கழிச்சு ஒரு தடவை, பார்க்காம எழுதுங்க. நோட்டுல விடையை எழுதாதீங்க. எந்தக் குறிப்பைத் தவறவிட்டேன்னு ஒரே வரி. இந்தக் கேள்விக்கு அந்த வரி: "மைனஸ் இருக்கு, விண்டோ சுருங்காது, பேலன்ஸ் போடு."

பேசறதையும் பழகணும். தமிழ்ல யோசிக்கிறது தப்பே இல்ல, வேகமும் அதுலதான் வரும். ஆனா இன்டர்வியூ ஆங்கிலத்துல நடந்தா, யோசிச்சு மொழிமாத்தற அந்த இடைவெளியில ரெண்டு நிமிஷம் மௌனம் விழுந்துடும். எதிர்ல இருக்கிறவருக்கு நீங்க திணறுற மாதிரி தெரியும். அதனால வழி சொல்றது, காம்ப்ளெக்ஸிட்டி சொல்றது, ஒரு நிமிஷம் யோசிக்க நேரம் கேட்கிறது, தப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டுத் திருத்தறது, இந்த நாலுக்கும் உங்க வாய்க்கு வர்ற ஆங்கிலத்துலயே ஒவ்வொரு வாக்கியம் தயாரா வச்சுக்கோங்க. மொபைல்ல ரெக்கார்டு போட்டு, இந்தக் கேள்வியை யாருக்கோ விளக்குற மாதிரி ஒரு தடவை பேசுங்க. திரும்பக் கேட்டா எங்கே மௌனம் விழுதுன்னு தெரிஞ்சிடும்.

[திரை: 5 கட்டங்கள். 4, −1, 1, −4, 4. கீழே: கே = 4]

இதை நீங்க ஓட்டிப் பாருங்க. பேலன்ஸ் வரிசை 0, 4, 3, 4, 0, 4. விடை 4 வரணும். உங்களுக்கு 3-ன்னு வந்திருந்தா, கடைசி 4-க்கு வரும்போது மேப்ல 0-க்கு எத்தனை இருந்ததுன்னு பாருங்க. அப்புறம் தொடக்க 0 இருந்ததான்னும் பாருங்க.