பாயில் படுப்பவருக்கு ஒரு கொசுவலை

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கிராமங்களில் பாம்புப் பேச்சு கூடிவிடும். வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் எலியும் தவளையும் மேடு தேடி வீட்டுப் பக்கம் வருகின்றன. அவற்றின் பின்னாலேயே பாம்பும் வருகிறது. பாம்புக்கடிக்கு வைத்தியம் பார்க்கும் அரசு மருத்துவன் நான். நம்மிடம் பயம் நிறைய இருக்கிறது. ஆனால் பல சமயம் அது தப்பான பாம்பின் மேல் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

கொல்லையில் ஒரு சாரை ஓடினால் தெருவே கம்பெடுத்து வருகிறது. சாரைக்கு விஷமே கிடையாது. வயலில் எலியைக் குறைப்பது அதுதான். சாரையும் நல்ல பாம்பும் பிணைவதாகச் சொல்வார்களே, அப்படி முறுக்கிக்கொண்டு எழுவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் பலப்பரீட்சை. அவற்றை விட்டுவிடுங்கள், பாவம்.

நம் பக்கத்தில் உயிரைப் பறிக்கும் கடிகளில் பெரும்பாலானவை நான்கு பாம்புகளால் வருபவை: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். நல்ல பாம்பு படமெடுக்கும். கண்ணாடி விரியன் குக்கரில் ஆவி போவதுபோலச் சீறும். சுருட்டை, செதிலைச் செதிலோடு உரசிச் சத்தம் எழுப்பும். கட்டுவிரியனிடம் இப்படி எந்த எச்சரிக்கையும் இல்லை.

கருத்த உடம்பு, குறுக்கே மெல்லிய வெள்ளை வளையங்கள். பகலில் தொட்டால்கூடச் சுருண்டு சாதுவாகக் கிடக்கும். ராத்திரியில் எலி, பல்லி, வேறு பாம்பு என்று இரை தேடி வீட்டுக்குள் நுழையும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். பெரிதாக வலிக்காது, வீங்காது, பல சமயம் பல் பட்ட தடமும் தெரியாது. எறும்போ பூச்சியோ என்று திரும்பவும் தூங்கிவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். வாயுத்தொல்லை என்று சோடா குடிப்பார்கள். அப்புறம் இமை சரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சு. அதனால்தான் மழைக்காலத்தில் காலையில் வயிற்றுவலி என்று ஒருவர் வந்தால், "நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?" என்று கேட்கிறேன். நீங்களும் வீட்டில் கேளுங்கள். இமை சரிகிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் வந்தாலும் காப்பாற்ற முடியும். செயற்கை சுவாசக் கருவியில் வைத்து மூச்சைத் தாங்கிப் பிடித்தால், சில நாட்களில் நரம்புகள் மெல்ல மீண்டுவிடும்.

இதைத் தடுக்கக் கொசுவலை போதும். நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட வேண்டும், அவ்வளவுதான். கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பூண்டு, பெருங்காயம், பினாயில் தெளித்தால் பாம்பு வராது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து மக்கள். மருந்து இருக்கும்போதே இத்தனை பேர் போனார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மருந்துக்கு மூலமான விஷத்தை எடுத்துத் தருவதில் முன்னிற்பவர்கள் வட நெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர்; 1978 முதல் இயங்குகிறது அச்சங்கம். அவர்கள் எடுக்கும் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து ஊசி மருந்தாக்குகிறார்கள்.

கடிபட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்று, கை கால் அழுகக்கூடும். கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், மந்திரிக்க அழைத்துப்போய் நேரத்தை விடாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட காலை ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். 108-ஐ அழையுங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த நான்குக்கும் எங்களிடம் இருப்பது ஒரே மருந்துதான். நன்றி, வணக்கம்.