கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

(எங்கள் ஊர் ஆன்மிக மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் அறங்காவலர் குழுத் தலைவர் ஐயா அவர்களே, என்னைப் பற்றி நானே அறியாத பல சிறப்புகளை வரவேற்புரையில் எனக்கு அறிவித்த செயலாளர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே அழகாகப் பேசிவிட்ட சித்த மருத்துவர் ஐயா அவர்களே, பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து அந்த வரிசை இன்னும் கலையாமல் உட்காரவைத்திருக்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, ஒலிபெருக்கியை இதுவரை அலறவிடாமல் காத்துவரும் தம்பி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இந்தப் புழுக்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்திய நகர்மன்ற உறுப்பினருக்குத் தனியாக ஒரு நன்றி. அதை உடனே எடுத்துவிட்டேன் என்று அவர் வருந்தக் கூடாது. அறங்காவலர் ஐயா வந்திருப்பதில் எனக்கு இரண்டு மகிழ்ச்சி. அவரைப் பார்த்து நீண்ட நாள் ஆயிற்று என்பது ஒன்று. இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

தியானத்தில் கைகளை எப்படி வைத்துக்கொள்வது என்பது எனக்குத் தந்த தலைப்பு. ஐந்து செய்திகள் குறித்து வந்திருக்கிறேன். கோவில் சிற்பங்களில் கை, யோக நூல்களில் கை, உடம்புக்குள் கை செய்யும் வேலை, கையில் உணரப்படும் சக்தி, அவரவர் கையை அவரவர் கண்டுகொள்ளும் வழி. அரை மணி நேரம் தந்திருக்கிறார்கள். பார்ப்போம்.

நம் ஊர்ச் சுவர்களில் சில மாதங்களாக ஒட்டப்படும், விரல்களைச் சேர்த்து வைக்கும் முத்திரைப் பயிற்சி விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். பெருவிரல் நெருப்பு, சுட்டுவிரல் காற்று, நடுவிரல் ஆகாயம், மோதிரவிரல் நிலம், சுண்டுவிரல் நீர். எந்த விரலை எதனோடு சேர்த்தால் எந்த நோய் போகும் என்று ஒரு பெரிய பட்டியல். போய் வந்தவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: "ஐயா, என் விரல் சரியாகச் சேர்ந்திருக்கிறதா பாருங்கள்." கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? உங்கள் கை, உங்கள் மடி, உங்கள் மனம். நான் பார்த்து என்ன சொல்லப் போகிறேன்?

முதலில் கோவிலுக்குப் போவோம். எந்தச் சிவன் கோவிலிலும் தெற்குப் பக்கம் தட்சிணாமூர்த்தி இருப்பார். ஆலங்குடிக்குப் போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கல்லால மரத்தடியில் சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்ற நான்கு முனிவர்களுக்கு வாய் திறக்காமல் உபதேசம் செய்தவர். அவருடைய வலக்கையில் இருப்பது சின்முத்திரை: சுட்டுவிரல் நுனி பெருவிரல் நுனியைத் தொட, மற்ற மூன்று விரல்களும் விலகி நிற்கும். பெருவிரல் இறைவன். சுட்டுவிரல் உயிர். மற்ற மூன்று விரல்கள் உயிரைக் கட்டி வைத்திருக்கும் ஆணவம், கன்மம், மாயை. அந்த மூன்றையும் விட்டு விலகிய உயிர் இறைவனோடு சேர்கிறது என்பது சைவர்களின் விளக்கம். விளம்பரத்தில் நெருப்பாக இருந்த அதே பெருவிரல் இங்கே இறைவன். இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சின்முத்திரை சொல்லித் தருகிறவரின் கை. கேட்கிறவர் வைத்துக்கொள்ளும் கை அன்று. எதிரே இருக்கும் முனிவர்கள் பல சிற்பங்களில் கைகூப்பி இருக்கிறார்கள். நாமோ முதல் நாள் வகுப்பிலேயே ஆசானின் கையை வாங்கிக்கொள்கிறோம்! தவறு என்று சொல்லவில்லை. அவசரம் என்று சொல்கிறேன்.

யோக நூல்களுக்கு வருவோம். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை பத்து முத்திரைகளைச் சொல்கிறது. நாவை மேலே மடித்து உள்ளே செலுத்துவது, வயிற்றை உள்ளிழுப்பது, மோவாயை நெஞ்சில் பதித்து மூச்சைக் கட்டுவது, உடலைத் தலைகீழாக நிறுத்துவது என்று முழு உடம்பையும் வேலை வாங்குகிறவை அவை. விரலைத் தொட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காரும் முத்திரை அந்தப் பத்தில் ஒன்றுகூட இல்லை. விரல் முத்திரைகள் வேறு இரண்டு இடங்களில் செழித்தன. ஒன்று பூசை. நம் சிவாச்சாரியார்கள் அபிஷேகத்துக்கு முன்னால் தேனு முத்திரை, சங்கு முத்திரை காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கடல் தாண்டி பாலித் தீவில் இன்றைக்கும் சைவப் புரோகிதர்கள் மணியும் மலருமாக முத்திரை காட்டிப் பூசை செய்கிறார்கள். இன்னொன்று ஆடல். அடியார்க்கு நல்லார் தம் சிலப்பதிகார உரையில் ஒற்றைக் கையில் 33 முத்திரைகள், இரட்டைக் கையில் 15 என்று வரிசைப்படுத்துகிறார். பூசையில் கை கடவுளோடு பேசுகிறது, ஆடலில் அவையோடு பேசுகிறது. தியானத்தில் கை யாரோடு பேச வேண்டும்? உட்கார்ந்திருக்கும் உங்களோடுதான். அப்படியானால் அது உங்களுக்குப் புரிந்தால் போதும்.

இந்த இடத்தில் எங்கள் தெருக் கண்டக்டர் அண்ணன் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. பெயரைச் சொன்னால் அடிக்க வருவார். ஓய்வு பெற்றவர். டிக்கெட் அடிக்கும் இயந்திரம் வராத காலத்து நடத்துநர். இடது கையில் டிக்கெட் கட்டு. அதே கையின் விரலிடுக்குகளில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள். ஐந்து ரூபாய்க்கு ஓர் இடுக்கு, பத்துக்கு ஓர் இடுக்கு, ஐம்பதுக்கு ஓர் இடுக்கு. தோளில் தோல் பை, வாயில் விசில், வலது கை மேல் கம்பியில். பஸ் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த இடது கை மட்டும் அசையாது.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அவருடைய தொல்லை தாங்காமல் அண்ணியார் அவரை ஒரு தியான முகாமுக்கு அனுப்பிவைத்தார். காலை ஐந்து மணி. விரிப்பு விரித்திருக்கிறது. இளவயது ஆசிரியர் ஒருவர் ஒலிவாங்கியில் மென்மையாகப் பேசுகிறார். "கண்களை மூடுங்கள். இரு கைகளிலும் சின்முத்திரை வையுங்கள்." அண்ணன் வைத்தார். வலது கை சொன்னபடி இருந்தது. இடது கை இருக்கவில்லை. மனம் கொஞ்சம் அடங்கியதும் அந்த விரல்கள் தாமாகவே ஒன்றோடொன்று நெருங்கி, இறுகி, நோட்டுப் பிடித்தபடி நின்றுவிட்டன. ஆசிரியர் மெல்ல வந்து விரல்களைப் பிரித்து வைத்தார். அடுத்த வரிசைக்கு அவர் போவதற்குள் அண்ணன் கை பழைய நிலைக்கு வந்துவிட்டது. மறுபடி பிரித்தார். மறுபடி இறுகியது. கடைசியில் ஆசிரியர் ஒலிவாங்கியிலேயே அறிவித்துவிட்டார்: "ஐயா, உங்கள் இடது பக்கம் சக்தி ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது."

மனிதர் பயந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இடது தோளை அமுக்கிப் பார்க்கிறார். இடது காலைத் தூக்கிப் பார்க்கிறார். அண்ணியார் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். மறுநாள் தியானம் முழுவதும் இடது கைக்குக் காவல் இருந்தார். அதற்கு மறுநாளும் அதே காவல். முகாமின் கடைசி நாள், போனால் போகிறது என்று கையை அதன் போக்கில் விட்டுவிட்டார். விரல்கள் நோட்டுப் பிடித்தன. மூச்சு இறங்கியது. கூடம் மறைந்தது, ஆசிரியர் மறைந்தார், முழங்கால் வலி மறைந்தது. எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியவில்லை. முடிவில் ஆசிரியர் வெண்கல மணியை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். அந்த மணிக்கு எங்கள் அண்ணன், கண்ணைத் திறக்காமல், அடிவயிற்றிலிருந்து கொடுத்தார் பாருங்கள் ஒரு குரல்: "ரைட்! ரைட்!"

நீங்கள் சிரிப்பதைப் போலத்தான் கூடமே சிரித்ததாம். என்னிடம் சொல்லும்போது அவரும் சிரித்தார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். "அன்றைக்கு மட்டும்தான் நான் உட்கார்ந்திருந்தேன். மற்ற நாட்களில் விரலைக் காவல் காத்தேன்" என்றார். யோசித்துப் பாருங்கள். நெரிசல், இரைச்சல், சில்லறைச் சண்டை, இவ்வளவுக்கும் நடுவில் அந்த மனிதருக்கு நிலையாக இருந்தது அந்த ஒரு கைதான். கணக்கு சரியாக இருக்கிறது, எதுவும் தவறவில்லை என்று உடம்புக்குச் சொன்ன கை அது. அமைதிக்கு அவர் உடம்பு பழகியிருந்த வாசல் அது. அதைப் போய்த் தடை என்று சொன்னால்? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? பிள்ளைகள் நன்றாகச் சொல்கிறீர்கள், இன்னும் சத்தமாகச் சொல்லலாம்.

ஜப்பானின் ஜென் பௌத்த மடங்களில் இதை வெகு காலமாக அறிந்திருக்கிறார்கள். இடது கையை வலது கையின் மேல் மல்லாந்து வைத்து, இரண்டு பெருவிரல் நுனிகளும் தொட்டும் தொடாமலும் இருக்க மடியில் வைத்துக்கொள்வார்கள். தூக்கம் வந்தால் பெருவிரல்கள் தொய்ந்துவிடும். மனம் முறுக்கிக்கொண்டால் ஒன்றையொன்று அழுத்தி மேலே எழும்பிவிடும். மனம் எங்கே போயிற்று என்பதைக் கை காட்டிக்கொடுத்துவிடும். முத்திரையின் பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கையை வைக்கும் விதத்தால் உடம்பில் மின்சாரம் போலச் சக்தி ஓடும் என்கிறார்களே, அதற்கும் ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் புத்தர் சிலைகளில் வலது கை மேலே, இடது கை கீழே. ஜென் மடத்தில் இடது கை மேலே, வலது கை கீழே. கை மாறினால் சக்தி தலைகீழாக ஓடும் என்றால், இரண்டில் ஒரு கூட்டம் இத்தனை நூற்றாண்டுகளாக வீணாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது செய்தி உடம்பைப் பற்றியது. கனடாவின் மாண்ட்ரியாலில் பென்ஃபீல்டு என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மின்முனையால் தொட்டுத் தொட்டு, உடம்பின் எந்தப் பகுதிக்கு மூளையில் எந்த இடம் என்று வரைபடம் போட்டு 1937-இல் வெளியிட்டார். முதுகுக்கும் காலுக்கும் கிடைத்த இடம் கொஞ்சம். விரல்களுக்கும் உதட்டுக்கும் கிடைத்தது மிக அதிகம். கையில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் மனம் அதைக் கவனிப்பதில் வியப்பில்லை. இதை வைத்துக்கொண்டு மோதிரவிரலை மடக்கினால் சர்க்கரை இறங்கும் என்று யாராவது சொன்னால், மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சித்த மருத்துவர் ஐயா இதைக் கண்டிப்போடு சொன்னார். நான் அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

உள்ளங்கையில் சூடு, குறுகுறுப்பு, துடிப்பு தெரிகிறது என்பார்கள். தெரியும். எந்த இடத்தில் கவனத்தை வைத்து அமைதியாக இருந்தாலும் அந்த இடம் பேசத் தொடங்கும். அதைச் சக்தி என்று அழைப்பதில் எனக்குத் தடையில்லை. அந்தச் சக்திக்கு முதல் நிலை, இரண்டாம் நிலை என்று கட்டணச் சீட்டுப் போடுவதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. நம் ஊரில் தறியிலும் மில்லிலும் விரல் இழந்தவர்கள் இருக்கிறார்கள். சுட்டுவிரல் இல்லாதவரிடம் இவர்கள் என்ன சொல்வார்கள்? உனக்கு முத்தி கிடையாது என்றா?

அவரவர் கையைக் கண்டுகொள்ளும் வழி எளியது. உட்காருங்கள், கைகளை மடியில் விடுங்கள், எதையும் சேர்க்காதீர்கள். சில நாட்கள் அவை எங்கே போய்த் தங்குகின்றன என்று பாருங்கள். சிலருக்கு விரல்கள் கோத்துக்கொள்ளும். சிலருக்கு ஒரு கை நெஞ்சுக்குப் போகும். என் தாயாருக்குப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டால்தான் கண் மூடும். கிடைத்ததை மாற்றாமல் ஒவ்வொரு நாளும் அதிலேயே தொடங்குங்கள். பழகப் பழக, கை அங்கே போனதும் மனமும் பின்னாலேயே போகும். மூட்டு வலி உள்ளவர்கள் விரலை வருத்தவே வேண்டாம்.

ஆனால் உட்காரச் சொல்கிறேனே, எங்கே உட்காருவது? இதைக் கேட்கத்தான் நான் மேடை ஏறினேன். வீட்டில் ஒரு பக்கம் தொலைக்காட்சி, ஒரு பக்கம் பேரப்பிள்ளைகள். மொட்டை மாடியில் கொசு. அதனால்தான் நம் மக்கள் பணம் கட்டி முகாமுக்குப் போகிறார்கள். முத்திரைக்காகப் போகவில்லை, ஒரு மணி நேர அமைதிக்காகப் போகிறார்கள். நம் கோவிலின் தெற்கு மண்டபம் எப்படி இருக்கிறது? இரும்புக் கதவு, பெரிய பூட்டு. உள்ளே உடைந்த நாற்காலிகள், போன திருவிழாவின் பந்தல் மூங்கில், யாருடையது என்றே தெரியாத ஒரு தண்ணீர்த் தொட்டி. கட்டியவர்கள் நாற்காலிக்காகவா கட்டினார்கள்? காற்று வரும் மண்டபம், கல் தரை, தட்சிணாமூர்த்தி சந்நிதிக்கு நேர் எதிரே. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? பக்கத்திலேயே இருக்கிறது, நாம் ஊரெல்லாம் தேடுகிறோம்.

கேட்பது அதிகம் இல்லை. காலை ஐந்து முதல் ஏழு, மாலை ஆறு முதல் எட்டு. கட்டணம் கூடாது, ஆசிரியர் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. பெருக்கித் துடைக்கும் வேலையை இந்த மன்றத்து இளைஞர்கள் ஏற்றுக்கொள்வதாகச் செயலாளர் சற்று முன் என் காதில் சொன்னார். ரகசியமாகச் சொன்னதை மேடையில் போட்டு உடைத்ததற்கு அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. தலைமை ஆசிரியை அம்மா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பேனாவை மட்டும் எடுத்துப் போய்விடாதீர்கள்.

சக்தியைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்வதாக நினைத்திருந்தேன், நடராசரின் நான்கு கைகளைப் பற்றியும் குறிப்பு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோவிலிலேயே கரணங்கள் என்னும் 108 ஆடல் நிலைகளில் 81 செதுக்கிவிட்டு மீதிக் கல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். இராசராசன் கோவிலுக்கு இருக்கும் சலுகை எனக்கும் வேண்டும்.

அறங்காவலர் ஐயா அவர்களே, இரண்டாவது மகிழ்ச்சி எது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருப்பதாகத் தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்த ஐந்து நிமிடத்தையும் உங்களுக்கே விட்டுத் தருகிறேன். மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, என்றைக்குத் தருவீர்கள், இந்த இரண்டை மட்டும் இந்த ஒலிவாங்கியிலேயே சொல்லிவிடுங்கள். வணக்கம்.