பரங்கிப் பிஞ்சு ஏன் வெம்பி விழுகிறது?

அடுத்த கேள்வி கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து. மூன்றாவது மாடியில் பரங்கி வைத்திருக்கிறார்களாம். கொடி நன்றாகப் படர்ந்து பூவும் நிறைய வருகிறது. பிஞ்சு மட்டும் எலுமிச்சை அளவிலேயே மஞ்சளாகி வெம்பி விழுகிறது, என்ன உரம் போடலாம் என்று ஒரு அம்மா கேட்கிறார்கள்.

உரத்தை விடுங்கள் அம்மா. கொடி செழிப்பாக இருப்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பரங்கியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. அதன் மகரந்தம் பிசுபிசுப்பாக இருக்கும், காற்றில் பறக்காது. தேனீதான் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குச் சுமக்க வேண்டும், அது போய்ச் சேராவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். உங்கள் மாடிக்கு அது ஏறி வரவில்லை போல. நாமே தடவிவிட வேண்டியதுதான்.

பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். ஆண் பூ வெறும் நீளக் காம்பில் நிற்கும். தொடக்கத்தில் ஆண் பூவாகத்தான் வரும், அதற்குப் பதற வேண்டாம்.

நேரம்தான் முக்கியம். பூ விடியற்காலையில் விரியும், வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். சமையலை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தால் மூடிய பூவைத்தான் பார்ப்பீர்கள். ஆறு, ஏழு மணிக்கே போய்விடுங்கள். அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழை உரித்துவிடுங்கள். நடுத்தண்டைத் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். ஒட்டினால் சரி. பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூலகமுடி பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். எல்லா மடலிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணிக்கொண்டு வளரும். இன்னொரு ஆண் பூ இருந்தால் அதையும் தடவலாம், தாராளமாக. சில நாளில் பிஞ்சு பருக்க ஆரம்பித்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூவுக்குள் தண்ணீர் நின்றால் மகரந்தம் வீண். மறுநாள் விரியும் மொட்டு முந்தின சாயங்காலமே நுனி மஞ்சளித்துத் தெரியும். ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டுக்கும் ஒரு கவரைத் தளர்வாகக் கவிழ்த்து வையுங்கள், காலையில் எடுத்துவிடலாம்.

அப்புறம், மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையாருக்குப் பூ வைப்பீர்களே, அதற்கு ஆண் பூவையே பறியுங்கள், தடவுவதற்கு ஒன்றிரண்டை விட்டுவிட்டு. பிள்ளைகளை அனுப்பினால் சொல்லி அனுப்புங்கள், பிஞ்சோடு பறித்து வந்து நிற்பார்கள்.

சுரை வைத்திருப்பவர்களும் இதே மாதிரி தடவலாம். ஆனால் காலையில் போய்த் தேடாதீர்கள், சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும்.