பொய் நோயாளியிடம் படித்தவர் உண்மை நோயாளியை எப்படிப் பார்ப்பார்?

வணக்கம். இந்த வாரம் நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நான்கு நாளாக அது என்னை விடவில்லை. மகள் மருத்துவம் படிக்கிறாள் என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"ஐயா, என் மகளுக்கு நடந்த தேர்வில் உண்மையான நோயாளியே இல்லையாம். நோயாளி மாதிரி நடிப்பதற்கு ஆள் வைத்திருந்தார்களாம். வயிற்று வலி என்று ஒரு அம்மா நடித்திருக்கிறார், இவள் பரிசோதித்திருக்கிறாள், மார்க் போட்டிருக்கிறார்கள். பொய் நோயாளியிடம் படித்தவர் உண்மை நோயாளியை எப்படிப் பார்ப்பார்?"

நல்ல கேள்வி. ஒரு தாய்க்குத்தான் இவ்வளவு நேராகக் கேட்க வரும். நீங்கள் சொல்லும் அந்தத் தேர்வுக்குப் பெயர் ஆஸ்கி. அறை அறையாகப் பிரித்து வைத்திருப்பார்கள், மணி அடித்ததும் மாணவர் அடுத்த அறைக்குப் போக வேண்டும். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ரொனால்டு ஹார்டன் உருவாக்கியது. 1975இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதைச் சொன்னால்தான் இதன் அருமை தெரியும். மாணவருக்கு ஒரு நோயாளியைக் கொடுப்பார்கள். ஒரு மணி நேரம் போல அவரோடு தனியாக இருக்கலாம். அப்புறம் வெளியே வந்து, தேர்வாளர்கள் முன் நின்று, கண்டதைச் சொல்ல வேண்டும். மாணவர் அந்த நோயாளியிடம் எப்படிப் பேசினார், கையை எங்கே வைத்தார், வைக்காமலே வைத்ததாகச் சொன்னாரா என்று பெரும்பாலும் யாரும் பார்க்கவில்லை. நோயாளி உண்மைதான். ஆனால் தேர்வு எதை அளந்தது? மாணவர் சொன்ன கதையை.

நடிப்பு நோயாளி என்ற யோசனை அதைவிடப் பழையது. ஹாவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், 1963இல் தொடங்கினார். அவர் மனத்தில் இதற்கு விதை போட்டது ஒரு உண்மை நோயாளி. அந்த நோயாளியைப் பல தேர்வுகளுக்கு வரவழைத்திருந்தார்கள். ஒரு தேர்வில் அவரைப் பரிசோதித்த மருத்துவர் மரியாதையில்லாமல், முரட்டுத்தனமாக நடந்துகொண்டாராம். இவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேலே எழும்பும் பாபின்ஸ்கி குறி இருக்கிறதே, அதை வேண்டுமென்றே இன்னொரு காலில் காட்டிவிட்டார். உணர்ச்சி குறைந்த இடங்களையும் மாற்றிச் சொல்லிவிட்டார்! பிறகு அதைப் பேரோஸிடம் சொன்னார். இவ்வளவு நுட்பமான குறியையே ஒருவரால் நினைத்தபடி காட்ட முடியும் என்றால், நலமாக இருக்கும் ஒருவருக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தும் காட்டவைக்கலாமே என்று அங்கே பொறி தட்டியது.

ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் வந்து இரண்டு காலும் செயலிழந்த நோயாளி வேடம். பேட்டி டக்கர் என்று அந்த வேடத்துக்குப் பெயரும் வைத்தார். அந்தப் பெண்ணிடம் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். மாணவர் போன பிறகு, அவர் என்ன கேட்டார், என்ன செய்தார் என்று அந்தப் பெண்ணே குறித்து வைக்க வேண்டும். எனக்கு இதில் மிகப் பிடித்தது இதுதான். முதல் தடவையாக, படுக்கையில் இருப்பவர் கையில் பேனா வந்தது. ஆனால் அப்போது கேலிதான் மிஞ்சியது. மருத்துவக் கல்லூரிக்குள் ஹாலிவுட் நுழைந்துவிட்டது என்கிற தொனியில் பத்திரிகைகள் எழுதின.

சரி, இது நிஜத்தில் உதவுகிறதா? கனடாவில் உரிமம் பெறும் தேர்வில் இப்படிப்பட்ட நடிப்பு நோயாளிகள் இருந்தார்கள். ராபின் டாம்ப்ளினும் அவருடைய குழுவினரும், 1993 முதல் 1996 வரை அந்தத் தேர்வை எழுதி, ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் பணிசெய்த 3,424 மருத்துவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. நடிப்பு நோயாளியிடம் பேசும் திறனில் குறைந்த மார்க் வாங்கியவர்கள் மீது, பிற்காலத்தில் உண்மை நோயாளிகளிடமிருந்து அதிகப் புகார் வந்திருந்தது. நடிப்பவரிடம் பேசிய சில நிமிடங்கள், பத்து வருடம் கழித்து வரப்போகிற புகாரைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கின்றன. ஆகவே அம்மா, அந்த நோயாளி பொய்யாக இருக்கலாம், மகள் அங்கே நடந்துகொண்ட விதம் பொய் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைத்தால் பாவம். மருத்துவரின் திறமையைப் படிப்படியாகக் காட்டும் ஒரு கோபுரப் படம் உண்டு. ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்தது. அடியில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்', அதற்கு மேல் 'செய்து காட்டுவார்', உச்சியில் 'செய்கிறார்'. ஆஸ்கி மூன்றாம் படியோடு நின்றுவிடுகிறது. நெதர்லாந்தில் ரெதான்ஸ் என்ற ஆய்வாளர் பொதுமருத்துவர்கள் சிலரைத் தேர்வு அறையில் நடிப்பு நோயாளிகளோடு வைத்துப் பார்த்தார். அதே நோய்களுக்கு, அவர்கள் சொந்த கிளினிக்குக்கும் அடையாளம் சொல்லாமல் நடிப்பு நோயாளிகளை அனுப்பினார். 1991இல் வெளிவந்த ஆய்வு. தேர்வில் செய்து காட்டியதை கிளினிக்கில் அவர்கள் அந்த அளவுக்குச் செய்யவில்லை. அங்கே நன்றாகச் செய்தவர்தான் இங்கேயும் நன்றாகச் செய்தார் என்றும் சொல்ல முடியவில்லை.

அப்புறம் ஏன் ஒரு அறையோடு விடாமல் பத்துப் பதினைந்து அறை? எல்ஸ்டைன், ஷுல்மன், ஸ்ப்ராஃப்கா மூவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நல்ல விளக்கம் தருகிறது. ஒரு கேஸை அபாரமாக அவிழ்த்தவர் அடுத்த கேஸில் தடுமாறுவார். நெஞ்சுவலியில் கெட்டிக்காரர் மூட்டுவலியிலும் கெட்டிக்காரர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே நோயாளியை வைத்து ஒருவர் தலையெழுத்தை எழுதுவது சீட்டுக் குலுக்குவது மாதிரி. பழைய தேர்வில் எத்தனையோ பேர் அப்படி ஃபெயில் ஆனார்கள், அப்படித்தான் பாஸும் ஆனார்கள்.

நான் எப்போதும் சொல்கிற ஒன்றை மறுபடியும் சொல்கிறேன். மார்க் எங்கே இருக்கிறதோ, மாணவர் கண் அங்கே போகும்.

ஒருமுறை வயிற்றுப் பரிசோதனை அறையில் நான் தேர்வாளர். நோயாளியாக ஒரு நடுவயதுப் பெண். வலது அடிவயிற்றை அழுத்தினால் முகம் சுளிக்க வேண்டும், வாயால் சொல்லக்கூடாது, இதுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. மாணவர் வந்தார். கை கழுவினார், பெயர் சொன்னார், அனுமதி கேட்டார், எல்லாம் ஒழுங்கு. அழுத்தும்போது அவர் கண் முழுக்க என் மீதுதான். "இப்போது வலது அடிவயிற்றை அழுத்துகிறேன் சார்" என்கிறார். அந்தப் பெண் முகத்தைச் சுளிக்கிறார், பல்லைக் கடிக்கிறார். இவர் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு, "வலி இல்லை சார்" என்றார். மணி அடித்தது. அவர் போன பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "நல்ல பையன்தான் சார். ஆனால் என்னிடம் அவர் பேசவே இல்லை, உங்களிடம்தான் பேசினார்" என்றார்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவருக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது அதுதான். என் கையில் இருந்தது பட்டியல். கை கழுவினால் ஒரு மார்க், அனுமதி கேட்டால் ஒரு மார்க். பட்டியலைப் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. டொராண்டோவில் பிரையன் ஹாட்ஜஸ் குழுவினர், 1999இல். மனநல நேர்காணல் தேர்வு வைத்தார்கள். மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், அனுபவமுள்ள மருத்துவர்கள் என்று மூன்று தரப்பு. பட்டியலை வைத்து மார்க் போட்டால் அனுபவசாலிகளுக்குத்தான் குறைவாக வந்தது. எல்லாவற்றையும் அவர்கள் வரிசையாகக் கேட்பதில்லை, தேவையானதை நோக்கி நேராகப் போகிறார்கள். மொத்தமாகப் பார்த்து மார்க் போட்டபோதுதான் அவர்கள் திறமை தெரிந்தது. இதனால் பட்டியலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதல் வருடத்தில் அது வேண்டும். ஐந்தாம் வருடத்திலும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால், மாணவர் பட்டியலுக்காகத்தான் பரிசோதிப்பார். மார்க் எங்கே இருக்கிறதோ, கண் அங்கே போகும்.

அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதைத்தான் உங்கள் மகளிடம் நீங்கள் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். "நீ ஒரு நோயாளியோடு இருக்கும்போது, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, யாராவது ஆசிரியர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாரா? எத்தனை தடவை? பார்த்துவிட்டு என்ன சொன்னார்?"

பேரோஸ் பயிற்சியில் இருந்தபோது டேவிட் சீகல் என்ற ஆசிரியர் இருந்தார். தன்னிடம் வந்த ஒவ்வொரு மாணவரும் ஒரு நோயாளியை முழுசாகப் பரிசோதிப்பதை அவர் உட்கார்ந்து பார்ப்பார். அப்படிச் செய்யும் ஆசிரியர்கள் மிக அரிது என்பதால்தான் பேரோஸ் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. நடிப்பு நோயாளி என்ற யோசனைக்கு அந்தப் பழக்கமும் ஒரு வேர்.

நானே என்னைச் சரிபார்த்துக்கொள்வேனே என்று சில மாணவர்கள் சொல்வார்கள். மருத்துவர்கள் தங்களைத் தாங்களே எடைபோடுவதை வெளி அளவுகோலோடு ஒப்பிட்ட ஆய்வுகளை 2006இல் டேவிஸ் குழுவினர் தொகுத்தார்கள். 20 ஒப்பீடுகளில் 13இல் இரண்டுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, அல்லது தலைகீழாக இருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது. பார்த்துச் சொல்ல இன்னொரு கண் வேண்டும். அந்தக் கண்ணும் மார்க் போடுகிற கண்ணாக இருக்கக்கூடாது. சொல்லிவிட்டு, மறுபடியும் செய்து காட்டச் சொல்லி, மறுபடியும் பார்க்கிற கண்ணாக இருக்க வேண்டும்.

வயிற்றைப் பரிசோதித்த அந்த மாணவர் சில வாரம் கழித்து என் வார்டுக்கே வந்தார். அவர் வேலை செய்வதை ஒரு காலை முழுக்க, தாளும் பேனாவும் இல்லாமல், திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் படுக்கையில் அதே தப்பு. வெளியே அழைத்து ஒன்றே ஒன்று சொன்னேன். "கை வயிற்றில் இருக்கட்டும். கண் அவர் முகத்தில் இருக்கட்டும். என்னைப் பார்க்காதே, நான் எங்கேயும் போகமாட்டேன்." இரண்டாவது படுக்கையில் பாதி நேரம் முகத்தைப் பார்த்தார். மூன்றாவதில் ஒரு வயதானவர், அதிகம் பேசாதவர். மாணவர் இடது பக்கத்திலிருந்து மெதுவாகத் தொட்டுக்கொண்டே வந்தார். வலது விலா எலும்புக்குக் கீழே வந்ததும் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, இடது புருவம் மட்டும் கொஞ்சம் அசைந்தது. மாணவரின் கை அப்படியே நின்றுவிட்டது. "இங்கேதானா ஐயா?" என்று கேட்டார். பெரியவர் தலையை ஆட்டினார், அப்புறம் பேசவே ஆரம்பித்துவிட்டார்.